ஆயிரம் பேர் சொன்னாலும் கீ மாறாது

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு முடிந்து உத்தேச விடைக்குறிப்பு வெளியானதும் திண்டுக்கல்லில் ஒரு புரளி கிளம்பிவிடும். பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பயிற்சி மையங்கள், டீக்கடைகள், நூலக வாசல் என்று எங்கே நின்றாலும் காதில் விழும். "இந்தக் கேள்விக்கு எல்லாரும் அப்ஜெக்‌ஷன் போடுங்க. ஆயிரம் பேர் போட்டா கீயை மாத்தித்தான் ஆகணும்."

யார் கிளப்பியதோ தெரியாது. வேடசந்தூர் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராகப் படிக்க வரும் பெண்கள்கூட இதை நம்புகிறார்கள். "எங்க ரூம்ல இருக்கிற எல்லாருமே போட்டுட்டோம் சார்" என்கிறார்கள். என்ன ஆதாரம் வைத்தீர்கள் என்று கேட்டால், "ஒரு படம் அனுப்பியிருந்தாங்க, அதையே எல்லாரும் ஏத்திட்டோம்." அந்தப் படத்தைப் பார்த்தேன். ஏதோ ஒரு கைடின் பக்கம். புத்தகத்தின் பெயரும் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. ஓரத்தில் பயிற்சி மையத்தின் செல்போன் எண் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

இது தேர்தல் இல்லையம்மா. ஆட்சேபங்களை எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் தேர்வாணையத்தில் கிடையாது. உத்தேச விடை வந்ததும் ஏழு நாள் அவகாசம் தருகிறார்கள். ஆட்சேபத்தை ஆணையத்தின் இணையதளம் வழியாகத்தான் தர வேண்டும். தபாலில் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வந்தவை பாட வல்லுநர் குழுவின் முன்னால் போகும். குழு பார்ப்பது தரமான நூல் என்ன சொல்கிறது என்பதைத்தான். ஆயிரம் பேர் ஒரே தப்பான படத்தை ஏற்றினாலும் ஆதாரம் ஒன்றுதான், அதுவும் தப்பானதுதான். நத்தத்திலிருந்து ஒரே ஒருவர் சரியான பக்கத்தைக் காட்டினால் அந்த ஒரு ஆட்சேபம் போதும்.

சரியான ஆட்சேபம் எப்படி இருக்கும்? சார்பெழுத்து எத்தனை என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். நூல் பெயரைச் சொல்லாமல் மூன்று, பத்து இரண்டையும் விடைகளாகக் கொடுத்துவிட்டார்கள். விடைக்குறிப்பு பத்து என்கிறது. பவணந்தியார் கணக்குப்படி சரிதான். உயிர்மெய்யும் ஆய்தமும் தொடங்கி ஆய்தக்குறுக்கம் வரை நன்னூலில் பத்து. ஆனால் தொல்காப்பியர் நூன்மரபின் தொடக்கத்திலேயே குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறார். எந்த நூல்படி என்று சொல்லாத கேள்விக்கு இரண்டுமே விடை. இப்படி ஒரு கேள்வி வந்தால் இரண்டு நூலின் பக்கத்தையும் வைத்து நான்கு வரி எழுதுங்கள். அதற்குப் பெயர்தான் ஆட்சேபம்.

இனி, நடக்கிற கூத்துக்கு ஒரு மாதிரி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அன்மொழித்தொகைக்கு 'சிவப்புச் சட்டை பேசினார்' என்று எடுத்துக்காட்டு உண்டு. கேள்வியில் 'சிவப்புச் சட்டை' என்று மட்டும் இருக்கிறது, விடை பண்புத்தொகை. உடனே நம் பிள்ளைகள் அதே புத்தகப் பக்கத்தை ஏற்றி, "அன்மொழித்தொகை என்றுதானே இருக்கிறது" என்று சண்டைக்கு வருகிறார்கள். சட்டை பேசாது. 'பேசினார்' என்ற வினை வந்த பிறகுதான் சட்டை போட்ட ஆளைக் குறிக்கிறது, அதனால்தான் அது அன்மொழி. வினையை எடுத்துவிட்டால் சிவப்பான சட்டை, அவ்வளவுதான், பண்புத்தொகை. நீங்கள் ஏற்றிய பக்கமே உங்களுக்கு எதிரான சாட்சி. எடுத்துக்காட்டை மனப்பாடம் செய்து விதியைப் படிக்காமல் விட்டால் இதுதான் கதி.

2025 ஜூலை 12 தேர்வுக்குப் பிறகு எழுந்த கூச்சல் நினைவிருக்கும். 3,935 பணியிடங்களுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்த தேர்வு அது. தமிழ்ப் பகுதி மிகக் கடினம், பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டுவிட்டார்கள், மறுதேர்வு வையுங்கள் என்று அரசியல் தலைவர்கள்வரை பேசினார்கள். ஆணையமோ பாடத்திட்டத்துக்குள்தான் கேட்டோம் என்றது. அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. கடினமான கேள்வி வேறு, தவறான கேள்வி வேறு. விடைக்குறிப்பை எதிர்க்கும் இடத்தில் போய்க் கடினம் என்று அழுவதால் பயனில்லை. பாடத்திட்டமும் ரகசியமில்லை. இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் அறிஞர்களும் 15 என்று கேள்விக் கணக்கோடு அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் கடைசி மாதத்தில் ஒருவரிக் குறிப்புகளை வாங்குகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் குறைவு.

அடுத்தது போனஸ் ஆசை. 'கேள்வி தப்புன்னா எல்லாருக்கும் ஒன்றரை மார்க், நமக்கு லாபம்.' கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் அந்த 1.5 கிடைத்தால், அதைத் தவறாக எழுதியவருக்குத்தான் லாபம். சரியாக எழுதியவருக்கு இருந்த முன்னிலை போய்விடும். கீயே மாறினால் உங்களுக்கு 1.5 கூடும்போது பக்கத்து வரிசையில் இருந்தவருக்கு 1.5 குறையும். மதிப்பெண் கூடுவதும் தரவரிசை ஏறுவதும் ஒன்றல்ல. இது புரியாமல், தான் சரியாக எழுதிய கேள்வியையே ரத்து செய்யச் சொல்லி ஆட்சேபம் போட்டவர்களைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சில்லறைப் புரளிகளும் உண்டு. 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்பினால் மதிப்பெண் குறையும் என்பது பொய். தவறான விடைக்கே கழிப்பு இல்லாத தேர்வு இது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தில் ஒரு வட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும். குரூப் 4-இல் தமிழ் வெறும் தகுதித் தேர்வு என்பதும் பொய். தமிழ்ப் பகுதியின் 150-க்கு 60 வராவிட்டால் மறுபாதியைத் திருத்தவே மாட்டார்கள். வந்தால் முழு மதிப்பெண்ணும் தரவரிசையில் சேரும். குரூப் 2 முதன்மைத் தேர்வின் விதியை இங்கே கொண்டுவந்து குழப்பாதீர்கள். பயிற்சி மையம் அன்று மாலையே வெளியிடும் கீ, அந்த மையத்தின் கருத்து மட்டுமே.

'கோர்ட்டுக்குப் போனால் கிடைத்துவிடும்' என்போருக்கு நீட் கதையைச் சொல்கிறேன். 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குப் போட்டார். நமக்கும் உரிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஜூலையில் 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, நவம்பரில் அந்த உத்தரவையே ரத்து செய்தது. விடைக்குறிப்பு சரி என்றே நீதிமன்றங்கள் முதலில் எடுத்துக்கொள்ளும். 1983-இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தது மாணவர்கள். காரணம், கீ தவறு என்பதைப் பாடப்புத்தகங்களே ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டின. எத்தனை பேர் வழக்குப் போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இதனால்தான் சலிக்காமல் சொல்கிறேன், நன்னூலை வாங்குங்கள். பாயிரமும் எழுத்தும் சொல்லும் சேர்ந்து 462 நூற்பா. காண்டிகையுரையோடு கிடைக்கிறது, நீங்கள் ஆண்டுக்கு வாங்கும் வினாவங்கிகளின் விலையை நினைத்தால் அது ஒரு விலையே இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்கென்று இருக்கும் அலமாரியைப் பாருங்கள், கைடு கைடாக நிற்கின்றன. 2018-க்கு முந்தைய சமச்சீர்ப் பாடநூல்கள் ஒரு தொகுதி, இன்றைய பாடநூல்கள் ஒரு தொகுதி, நன்னூல் பத்துப் படி. இவ்வளவையும் அந்த அலமாரியில் வைத்தால் இலக்கணச் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆணையமும் ஒன்று செய்யலாம். இறுதி விடைக்குறிப்பில் வெறும் எழுத்தை மட்டும் போடாமல், எந்த நூல், எந்தப் பக்கம் என்று பக்கத்திலேயே அச்சிடட்டும். வல்லுநர் குழு ஆதாரம் பார்த்துத்தானே முடிவு செய்கிறது? அதைத் தேர்வு எழுதியவனுக்கும் காட்டுவதில் என்ன தடை? அடுத்த ஆட்சேபத்தின்போது உங்கள் கேள்வியோடு இந்தக் கோரிக்கையையும் தனியாக ஒரு மனுவாக ஆணையத்துக்கு எழுதுங்கள். கும்பலாகச் சேர்ந்து செய்ய வேண்டியது அதைத்தான்.