பிடிஎஃப் அனுப்பினால் மட்டும் போதாது

பார்வையற்றவர்களுக்காக நூலகத்தில் ஏதாவது செய்யக் கிளம்புகிறவர்கள், "பிரெய்ல் புத்தகம் வாங்கிப் போடலாமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாவலே பிரெய்லில் தடித்தடியாகப் பல தொகுதி ஆகிவிடும். எங்கள் திருத்தணி மாதிரி ஊரில் அதற்கு அலமாரி ஏது? சர்க்கரை நோயால் நடுவயதில் பார்வை போனவர்களுக்குப் பிரெய்ல் விரலில் ஏறுவதும் கஷ்டம்.

சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உண்டு. நல்ல இடம்தான். ஆனால் என்னைப் போன்ற பார்வையற்றவர் இங்கிருந்து ரயிலேறி, பஸ் பிடித்து, அது இருக்கும் கோட்டூர்புரம் போய்வருவதற்குள் பொழுது போய்விடும். கூட வருகிறவருக்கு அன்றைய கூலியும் போச்சு. புத்தகம் என் போனுக்கு வரட்டும். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான்கள் இருக்கின்றன: போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ. இரண்டும் இலவசம், இரண்டும் தமிழ் வாசிக்கும்.

ஆனால் நண்பர்கள் ஆசையாக அனுப்பும் பிடிஎஃப் பெரும்பாலும் பக்கங்களின் போட்டோ. திரைவாசிப்பானுக்கு அதில் ஓர் எழுத்தும் கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டும் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு இன்னும் வேடிக்கை: உங்கள் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது என் காதில் 'எம் கே செமிகோலன் கே எச்' என்று விழும். யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள்.

அச்சுப் புத்தகம் என்றால், நடுத்தையலருகே வளையாமல் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து எடுத்தால் இந்தப் பக்க வரியும் அந்தப் பக்க வரியும் கலந்துவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் படம் எழுத்தாகும். பிறகு யாராவது உட்கார்ந்து பிழை திருத்த வேண்டும். அலுப்பான வேலை, வேறு வழியில்லை. பக்கத்துக்குப் பக்கம் மேலே வரும் நூல் பெயரை எடுத்துவிடுங்கள். வாக்கியத்துக்கு நடுவே புகுந்து உயிரை வாங்கும். பக்க எண் இருக்கட்டும், தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு உதவும். அத்தியாயத் தலைப்புகளுக்கு 'ஹெடிங்' வடிவம் கொடுத்தால் 'எச்' விசையைத் தட்டியே தாவிவிடுவேன்.

1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் எங்கள் திருத்தணி. தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. நூலகக் கணினியில் தெலுங்குக் குரலையும் சேர்த்தே நிறுவச் சொல்வேன்.

"காப்பிரைட் பிரச்சினை வருமே" என்று தயங்கும் நூலகர்களைப் பார்த்திருக்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் லாப நோக்கமின்றி நூலைப் படியெடுக்க அனுமதிக்கிறது. அதற்காகக் கோப்பை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் தட்டிவிடக் கூடாது. படமெடுக்க உட்காரும் முன் 'சுகம்ய புஸ்தகாலயா'வில் தேடுங்கள். அச்சு வாசிக்க இயலாதோருக்காக 2016-இல் தொடங்கிய இணைய நூலகம் அது. அங்கே இருந்தால் உழைப்பு மிச்சம்.

எந்தப் புத்தகம் என்பதை எங்களிடம் கேளுங்கள். தன்னம்பிக்கை நூல்கள் வேண்டிய மட்டும் வந்துவிட்டன. பக்கத்துத் தெரு அக்காவுக்குச் சமையல் குறிப்பு வேண்டுமாம். எனக்கு ராஜேஷ்குமாரின் கிரைம் நாவல், கடைசி அத்தியாயம் விடுபடாமல்.