உருகாத எஃகும் உருவான கதைகளும்

என் மாமா கிள்ளானில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார். வாசற்கதவு, சன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி என வீட்டுக்கு வேண்டிய இரும்பு வேலைகள் அனைத்தையும் செய்வார். ஒருநாள் இரவு எங்கள் குடும்பப் புலனக் குழுவில் அவர் ஒரு காணொலியைப் பகிர்ந்திருந்தார். நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து விழும் காட்சி அது. அதன்கீழ்ப் பெரிய எழுத்தில் மூன்று வரிகள் இருந்தன: "எஃகு உருக 1,500 பாகை வெப்பம் வேண்டும். விமான எரிபொருள் எரிந்தால் 1,000 பாகையைத் தாண்டாது. அப்படியானால் கோபுரங்களை வீழ்த்தியது யார்?"

படித்தவுடன் எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. அந்த இரண்டு எண்களும் ஏறக்குறையச் சரியானவை. பொய்யான எண்ணைத் தந்திருந்தால் எளிதில் மறுத்துவிடலாம். சரியான எண்களைத் தந்து, தவறான இடத்திற்கு அழைத்துச் செல்லும் கேள்விக்கு விடை காண்பது அவ்வளவு எளிதன்று.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் காலையில், அல்-காயிதா இயக்கத்தைச் சேர்ந்த 19 பேர் அமெரிக்காவில் நான்கு பயணிகள் விமானங்களைக் கடத்தினர். 8.46க்கு ஒரு விமானம் உலக வணிக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மோதியது. 9.03க்கு மற்றொன்று தெற்குக் கோபுரத்தில் மோதியது. மூன்றாவது விமானம் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகன் மீது பாய்ந்தது. நான்காவதில் இருந்த பயணிகள் கடத்தல்காரர்களை எதிர்த்துப் போராடினர். அவ்விமானம் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வயல்வெளியில் விழுந்து நொறுங்கியது. கடத்தல்காரர்களைத் தவிர 2,977 பேர் மாண்டனர். அவர்களில் 343 பேர், பிறரைக் காப்பாற்றுவதற்காகச் சென்ற நியூயார்க் தீயணைப்புத் துறையினர்.

சனிக்கிழமை மாமாவின் பட்டறைக்குப் போனேன். கதவு ஒன்றில் பொருத்துவதற்காகக் கம்பியைத் தீச்சுடரில் காய்ச்சிக் கொடிபோல் வளைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கம்பியை உருக்கித்தான் வளைக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"உருக்கினால் கையில் கம்பி ஏதுடா? சிவக்கச் சூடேறினாலே போதும், சொன்னபடி கேட்கும்," என்றார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த கம்பியையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபுரங்களிலும் நடந்தது அதுதான். எஃகு உருகவில்லை, உருகியதாக ஆய்வாளர்களும் சொல்லவில்லை. 600 பாகை செல்சியஸ் அளவிலேயே எஃகு தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். விமானங்கள் மோதியபோது பல தூண்கள் அறுபட்டன. எஃகைத் தீயிலிருந்து காக்கப் பூசியிருந்த வெப்பக் காப்புப் பூச்சும் உதிர்ந்துபோனது. எரிபொருள் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்தாலும், அது பற்றவைத்த மேசை, நாற்காலி, காகிதம், கம்பளம் ஆகியவை தொடர்ந்து எரிந்தன. சூட்டில் தளங்கள் தொய்ந்தன. தொய்ந்த தளங்கள் வெளிப்புறத் தூண்களை உள்நோக்கி இழுத்தன. கோபுரம் விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே அதன் ஒரு பக்கம் உட்புறமாக வளைந்திருப்பதை அன்று எடுத்த நிழற்படங்களில் காணலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டாவதாகத் தாக்கப்பட்ட தெற்குக் கோபுரம்தான் முதலில் விழுந்தது. அது 56 நிமிடங்கள் நின்றது; வடக்குக் கோபுரம் 102 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது. தெற்குக் கோபுரத்தில் விமானம் வடக்குக் கோபுரத்தைவிடத் தாழ்வான தளங்களில் மோதியதால், வலுவிழந்த பகுதிக்கு மேலிருந்த எடை மிக அதிகம். இரண்டு கோபுரங்களிலும் சரிவு தொடங்கியது விமானம் மோதிய தளங்களில்தான். முன்கூட்டியே வெடிமருந்து வைத்திருந்தால், அது மோதலையும் ஒரு மணி நேரத் தீயையும் தாங்கிக்கொண்டு காத்திருந்திருக்க வேண்டும்!

மாமா அத்துடன் விட்டுவிடவில்லை. "சரி, விமானமே மோதாத கட்டடம் ஒன்றும் விழுந்ததே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. உலக வணிக மையத்தின் ஏழாம் கட்டடம் 47 மாடிகளைக் கொண்டது. வடக்குக் கோபுரம் சரிந்தபோது சிதறிய இடிபாடுகளால் அதில் பல தளங்களில் தீப்பிடித்தது. நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்திருந்ததால் கீழ்த்தளங்களின் தெளிப்பான்களுக்குத் தண்ணீர் வரவில்லை. ஏறத்தாழ ஏழு மணி நேரம் தீ தன் போக்கில் எரிந்தது. சூட்டில் நீண்ட உத்திரங்கள் ஒரு முதன்மை உத்திரத்தை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன. அதனால் தளங்கள் ஒன்றன்மீது ஒன்றாக விழ, பிடிமானம் இழந்த ஒரு முக்கியத் தூண் வளைந்தது. மாலை 5.20 மணியளவில் கட்டடம் முழுவதும் சரிந்தது. தீயே முதன்மைக் காரணமாகி உயரமான கட்டடம் ஒன்று முழுமையாக இடிந்தது அதுவே முதல் தடவை என ஆய்வாளர்கள் தெரிவித்தனர். முன் எப்போதும் நடக்காதது என்பதால்தான் ஐயமும் அதிகமாக எழுந்தது.

அந்த ஆய்வை நடத்தியது அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம். 2008 ஆகஸ்டில் வெளியான வரைவு அறிக்கையில், கட்டடம் தடையின்றி விழும் பொருளைவிட மெதுவாகவே விழுந்ததாகக் கூறப்பட்டிருந்தது. ஓர் உயர்நிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர் அதை ஏற்கவில்லை. காணொலியை அளந்து பார்த்து, வீழ்ச்சியின் ஒரு பகுதி தடையற்ற வீழ்ச்சியே என்று சுட்டிக்காட்டினார். கழகம் மறுபடியும் அளந்தது. நவம்பரில் வெளிவந்த இறுதி அறிக்கை, 2.25 வினாடிகள் கட்டடம் தடையின்றி வீழ்ந்ததை ஒப்புக்கொண்டது. உட்பகுதி முன்னரே நொறுங்கிவிட்டதாலும் வெளித்தூண்கள் கீழ்த்தளங்களில் மடங்கியதாலும், அந்தச் சிறு நேரத்தில் மேற்பகுதியைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை என்பது அதன் விளக்கம்.

இந்த நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. அளவீட்டைப் பொறுத்தவரை அந்த ஆசிரியர் சொன்னது சரி. ஆனால், அதிலிருந்து "குண்டு வைத்துத்தான் தகர்த்தார்கள்" என்னும் முடிவுக்குத் தாவுவது வேறு. அப்படிப்பட்ட தூணை அறுக்கும் வெடி, அரை மைல் தொலைவிலும் 130 முதல் 140 டெசிபல் வரை ஒலித்திருக்கும் என்று கழகம் கணக்கிட்டது. அன்றைய ஒலிப்பதிவுகளில் அத்தகைய ஓசை இல்லை. ஐயம் கொள்பவர் விடை கிடைத்ததும் அதை எடைபோட்டுப் பார்ப்பார். சதிக்கோட்பாட்டை நம்புபவரோ, விடை சொன்னவரையும் சதிகாரர் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். பட்டியல் நீண்டுகொண்டே போகும். பொறியாளர், தீயணைப்பாளர், செய்தியாளர் எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள்.

அரசாங்கத்தின் மீது தவறே இல்லையா? இருந்தது. அதைச் சதிக்கோட்பாடுகள் மறைத்துவிடுகின்றன என்பதே என் வருத்தம். 2000 ஜனவரியில் அல்-காயிதாவினர் சிலர் நம் கோலாலம்பூரில் கூடினர். பின்னாளில் விமானம் கடத்திய இருவர் அவர்களில் இருந்தனர். மலேசியக் காவல்துறை அவர்களைக் கண்காணித்து, அமெரிக்க உளவுத்துறைக்குத் தகவல் தந்தது. ஆயினும், அவ்விருவரும் அமெரிக்காவுக்குள் நுழைந்த செய்தி அந்நாட்டின் புலனாய்வுத் துறைக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. 2004இல் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை இத்தகைய குறைகளைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட கதை அது. படமெடுக்க ஏற்றதாக இல்லாவிட்டாலும் உண்மை.

மாமாவிடம் நான் கடைசியாகச் சொன்னது நான்காவது விமானத்தைப் பற்றி. கடத்தப்பட்ட பிறகு அதிலிருந்தவர்களில் சிலர் தங்கள் குடும்பத்தாரை அழைத்துப் பேசினர். "அவ்வளவு உயரத்தில் கைப்பேசி வேலை செய்யாது, அந்தக் குரல்கள் போலியானவை" என்று ஒரு காணொலி சொல்கிறது. உண்மையில் பெரும்பாலான அழைப்புகள், இருக்கையின் பின்புறம் பொருத்தப்பட்டிருந்த தொலைபேசிகளிலிருந்து வந்தவை. கணவனின் கடைசிக் குரலைக் கேட்ட மனைவியிடம், "அது உன் கணவன் இல்லை" என்று முன்பின் தெரியாத ஒருவர் சொல்கிறார்.

மாமா தீச்சுடரை அணைத்தார். கைகளைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

"அந்தக் காணொலியை உனக்கு மட்டுமா அனுப்பினேன்? கோயில் குழுவில் எழுபது பேர், பழைய மாணவர் குழுவில் நூறு பேர். அவர்களுக்கு என்ன எழுதுவது?" என்று கேட்டார்.

"நீங்கள் கம்பி வளைப்பதைப் படம்பிடித்து அனுப்பலாம், மாமா," என்றேன்.

அணைத்த சுடரை மீண்டும் பற்றவைத்தார்.