பார்ப்பவர் தந்த நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுவாமிமலையில் நீ எடுத்த இரண்டு வீடியோக்களைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உருக்கிய உலோகத்தை அச்சுக்குள் ஊற்றும் நாற்பது விநாடி ஷார்ட்ஸை ஊரே பார்த்தது. தென்னங்கீற்றை மடித்து ஸ்தபதி அளவு குறிப்பதில் தொடங்கி, மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, கடைசியில் உளி பிடித்துக் கண் திறப்பது வரை காட்டிய முழுப் படத்தை அதில் சிறு பங்கினர்தான் பார்த்தார்கள். ஆனால் மாதக் கணக்கைத் திறந்தால், பணம் பெரும்பாலும் முழுப் படத்திலிருந்து வந்திருக்கிறது. "இது எப்படி அண்ணா? இனி நான் எதை எடுப்பது?" என்று கேட்கிறாய். கூடவே, பணம் வைத்து விளையாடும் செயலி ஒன்றைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னால் பெரிய தொகை தருவதாக யாரோ அழைத்ததையும் எழுதியிருக்கிறாய். விளம்பரக்காரர் எதற்காகக் காசு கொடுக்கிறார் என்பது விளங்கிவிட்டால் உன் எல்லாக் கேள்விகளுக்கும் வழி தெரியும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவர் காசு கொடுப்பது பார்ப்பவரின் நேரத்துக்கு. இது இணையத்தில் பிறந்த வியாபாரம் அல்ல. 1941 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் புலோவா கடிகார விளம்பரம் சில விநாடிகள் ஓடியது. முறைப்படி கட்டணம் வாங்கி ஒளிபரப்பான முதல் தொலைக்காட்சி விளம்பரம் அதுதான். விளம்பரத்தால் வாழும் ஊடகம் விற்கும் சரக்கு அதன் பார்வையாளர்களே என்று கனடாவைச் சேர்ந்த டல்லஸ் ஸ்மைத் 1977இல் எழுதினார். நாடகமும் பாட்டும் செய்தியும் அந்தப் பார்வையாளர்களைக் கூட்டி உட்காரவைக்கும் ஏற்பாடு என்பது அவர் வாதம். தொலைக்காட்சியில் அந்தச் சரக்கை மொத்தமாகத்தான் விற்க முடிந்தது. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் கருவி பொருத்தி, அதை வைத்து நாட்டின் பார்வையைக் கணக்கிட்டார்கள். உர விளம்பரத்தைத் திருவிடைமருதூர் விவசாயியும் பார்த்தார், அண்ணாநகர் அடுக்குமாடியில் இருப்பவரும் பார்த்தார். கம்பெனி இருவருக்கும் சேர்த்தே காசு கட்டியது.

இணைய வீடியோ இதை மாற்றியது. ஒருவர் உன் வீடியோவைத் தொட்டதும், படம் ஓடத் தொடங்குவதற்குள் அந்த ஒரு பார்வைக்காக ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. எந்த ஊரிலிருந்து பார்க்கிறார், என்ன தேடிக்கொண்டிருந்தார், எதில் நாட்டம் உள்ளவர் என்பதையெல்லாம் வைத்து விளம்பரக்காரர்களின் கணினிகள் விலை கேட்கின்றன. அதனால் ஒரே வீடியோவின் இரண்டு பார்வைகளுக்கு ஒரே விலை கிடைக்க வேண்டும் என்பதில்லை.

இந்தத் தொழில் வளர்ந்த வேகத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். யூடியூப் 2005இல் தொடங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்ட முதல் வீடியோவில், நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் சான் டியேகோ விலங்குக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசுகிறார். இருபது விநாடிகூட ஓடாது. அடுத்த ஆண்டே கூகுள் அதை 165 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. 2007இல் வீடியோ எடுப்பவர்களோடு விளம்பர வருமானத்தைப் பங்கிடத் தொடங்கினார்கள். அதன் பிறகு எடுத்த இரண்டு முடிவுகள் உன் பிழைப்பை நேராகத் தொடுகின்றன. ஐந்து விநாடிக்குப் பிறகு தள்ளிவிடக்கூடிய விளம்பரம் 2010இன் கடைசியில் வந்தது. பார்ப்பவர் முப்பது விநாடி பார்த்தாலோ, அதைவிடச் சின்ன விளம்பரமாக இருந்து முழுதாகப் பார்த்தாலோ, அதைத் தொட்டாலோதான் கம்பெனி காசு கட்டும். பிறகு 2012இல், எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து வீடியோக்களைப் பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். நேரம்தான் சரக்கு என்பதை அந்தத் தளமே அன்று ஒப்புக்கொண்டது.

பலனை எண்ணில் பார். யூடியூபின் விளம்பர வருமானம் 2019இல் சுமார் 1,515 கோடி டாலர். 2024இல் 3,600 கோடி டாலருக்கு மேல். நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைச் சரித்த பிறகு, பேருந்து நிறுத்தத்திலும் களத்துமேட்டிலும் வீடியோ ஓடத் தொடங்கியது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் ஒரு குடும்பம் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் சேனல் அது. வயலில் அடுப்பு மூட்டிச் சமைத்தவர்களுக்குச் சென்னையில் ஸ்டூடியோ தேவைப்படவில்லை. உன்னைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு முன்பு இருந்ததே இல்லை. அதை நான் முழு மனதோடு கொண்டாடுகிறேன்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். நீண்ட வீடியோவில் ஓடும் விளம்பரத்தின் வருமானத்தில் உனக்கு 55 சதவீதம். ஷார்ட்ஸ் அப்படி அல்ல. ஷார்ட்ஸ்களுக்கு நடுவே வரும் விளம்பரப் பணத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பாட்டுக்கான உரிமைச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பார்வை விகிதப்படி பிரித்து, அதில் உனக்கு வருவதில் 45 சதவீதம் தருகிறார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து இதுதான் நடைமுறை. இன்னொன்று: 2025 மார்ச் கடைசியிலிருந்து, ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே அதை ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள். விரல் நொடியில் தள்ளிவிட்டுப் போனவரும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார். வருமானக் கணக்கில் நின்று பார்த்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். நீ பெருமையோடு அனுப்பிய அந்தப் பெரிய எண்ணுக்கும் கைக்கு வந்த சிறிய தொகைக்கும் இடையில் இருப்பது இதுதான்.

நீண்ட வீடியோவிலும் விலை நிலையாக இருக்காது. டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தமிழர் ஒருவர் பார்த்தால் ஏலத்தொகை கூடும். தஞ்சாவூரில் பார்த்தால் குறையும். தீபாவளியை ஒட்டிய மாதங்களில் கம்பெனிகள் போட்டி போட்டுக் கேட்கும். ஜனவரியில் விலை இறங்கும். கடன், காப்பீடு, மொபைல் பற்றிப் பேசும் சேனலுக்குக் கிடைப்பது, சிற்பம் பற்றிப் பேசும் சேனலுக்குக் கிடைக்காது. இவை எதுவும் உன் படத்தின் தரத்துக்கு யாரோ போட்ட மதிப்பெண் அல்ல. அந்தப் பார்வையாளரிடம் எதையாவது விற்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே அந்த விலை சொல்கிறது. ஜனவரியில் வருமானம் குறைந்தால் மனம் உடைந்து போகாதே. அக்டோபரில் கூடினால் உன் கலை வளர்ந்துவிட்டதாகவும் எண்ணாதே.

ஆகவே, விலை அதிகம் என்பதற்காகக் கடன் அட்டை பற்றிப் பேசப் போகாதே. உனக்குத் தெரிந்தது காவிரிக்கரைக் கைவினைகள். அதைத் தேடி வருபவர் இன்றும் வருவார், ஐந்து ஆண்டு கழித்தும் வருவார். இந்த வாரப் பரபரப்பைப் பற்றிய வீடியோவை அடுத்த மாதம் யாரும் தேடமாட்டார்கள். மெழுகு வார்ப்பை முழுதாக விளக்கும் படத்தை மாணவரும் ஆராய்ச்சியாளரும் கோயிலுக்குச் சிலை செய்யச் சொல்ல நினைப்பவரும் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஷார்ட்ஸை விட்டுவிடச் சொல்லவில்லை. அதிலிருந்து முழுப் படத்துக்கு இணைப்புக் கொடு. உலோகம் பாய்வதைப் பார்த்து வியந்தவருக்கு, அந்த அச்சு எப்படி உருவானது என்று அறியும் வழியைத் திறந்து வை.

படத்தை எடுக்கும்போது சில விஷயங்களில் கண்டிப்பாக இரு. எட்டு நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் போடலாம் என்ற விதி 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. அதற்காக ஆறு நிமிட விஷயத்தை இழுக்காதே. சொல்ல இருபது நிமிட விஷயம் இருந்தால் இருபது நிமிடம் எடு. நடு விளம்பரம் எங்கே வர வேண்டும் என்பதை நீயே குறி. உலோகம் ஊற்றும்போது வேண்டாம். வண்டல் பூசிக் காயவைத்துவிட்டு மறுநாள் வேலை தொடங்கும் இடத்தில் வரட்டும். பார்ப்பவருக்கும் அங்கே ஓர் இளைப்பாறல் இருக்கும். தம்ப்நெயிலில் காட்டியது படத்தில் இருக்க வேண்டும். ஏமாந்து வந்தவர் முதல் நிமிடத்திலேயே போய்விடுவார். எந்த நொடி வரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கிராஃபில் அந்தச் சரிவு அப்படியே தெரியும். அந்தக் கோட்டைத் தினமும் பார்க்காமல், ஒரு படம் முடிந்து சில வாரம் கழித்து நிதானமாகப் பார். எங்கே ஆட்கள் எழுந்து போனார்கள், எந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார்கள் என்று படி. பின்னணிக்குச் சினிமாப் பாட்டைப் போடாதே; உரிமைக்காரர் கோரினால் அந்த வீடியோவின் வருமானம் அவருக்குப் போய்விடும். உளிச் சத்தத்தை நல்ல மைக்கில் பதிவு செய். அதைவிடப் பொருத்தமான இசை உன் படத்துக்கு வேறு இல்லை.

விளம்பரப் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பத்தை நடத்தாதே. 2017இல் தீவிரவாத வீடியோக்களின் பக்கத்தில் தங்கள் விளம்பரம் வருவதைக் கண்ட பெரிய கம்பெனிகள் யூடியூபிலிருந்து ஒதுங்கின. எந்தத் தவறும் செய்யாத ஆயிரக்கணக்கானவர்களின் வருமானம் விழுந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்த நம் கிராமத்துக் கலைஞர்களின் உழைப்பு ஒரே இரவில் காணாமல் போனது. தளம் இன்னொருவருடையது, அதன் விதிகளும் அவருடையவை. எடுத்த மூலக் காட்சிகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக வை. மெம்பர்ஷிப், ஆவணப்பட வேலை, பயிற்சி வகுப்பு என வேறு வழிகளையும் வளர்த்துக்கொள். பாலாஜி மோகன் எடுத்த "காதலில் சொதப்புவது எப்படி" குறும்படம் யூடியூபில் பரவி, 2012இல் முழுநீளத் திரைப்படமானது. ஒரு நல்ல வீடியோவின் பலன் விளம்பரக் கணக்கோடு முடிவதில்லை. உன் படத்தைப் பார்த்து ஸ்தபதிக்கு ஒரு சிலை வேலை வந்தால் அதுவும் அதன் பலன்தான். அவர் சம்மதித்தால் அவரை எப்படி அணுகுவது என்பதைப் படத்தின் கீழே எழுது.

கணக்கு வழக்கில் அசட்டையாக இருக்காதே. அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் வருமானத்துக்கு அங்கே வரி உண்டு. உரிய படிவத்தைக் கொடுத்தால் இந்திய ஒப்பந்தப்படி 15 சதவீதம், அதுவும் அந்தப் பகுதிக்கு மட்டும். கொடுக்காவிட்டால் உன் மொத்த வருமானத்திலும் பிடித்தம் விழலாம். கம்பெனி இலவசமாகத் தரும் கேமராவும் வருமானம்தான். நல்ல ஆடிட்டர் ஒருவரை இப்போதே பார்.

கடைசியாக அந்தச் செயலிக்காரரின் அழைப்பு. முதலில் சட்டமே குறுக்கே நிற்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வேறு பொருளானாலும், காசு வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பொய்யான விளம்பரத்தில் வாயைக் கொடுத்தவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

சட்டமே இல்லையென்றாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஆட்கள் உன்னிடம் வந்தது ஏன் என்று யோசி. ஏலத்தில் இதைவிட மலிவாக எத்தனையோ பார்வைகளை வாங்கலாம். ஆனால் "இந்தப் பையன் சொன்னால் சரியாக இருக்கும்" என்ற எண்ணம் ஏலத்துக்கு வருவதில்லை. அது உன்னிடம் மட்டும் கிடைக்கும். உன் படத்தைக் கடைசி வரை பார்த்த யாரோ ஒரு அப்பா, தன் மகனிடம் அந்த லிங்க்கை அனுப்புகிறார். அந்த மகனைச் சூதில் இறக்கிவிட்டுக் காசு வாங்குவது விதைநெல்லை விற்றுச் சாப்பிடுவதைப் போன்றது. அடுத்த போகத்துக்கு ஒன்றும் இருக்காது. விளம்பரமே எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. சொந்தக் காசில் வாங்கி, வீட்டில் அம்மாவுக்குக் கொடுக்க நீ தயங்காத பொருள் எதுவோ, அதற்கு ஒப்புக்கொள். விலையை உரக்கக் கேள். உன் பார்வையாளர்கள் நின்று பார்ப்பவர்கள், நம்புகிறவர்கள் என்பதைக் கணக்கோடு எடுத்துக்காட்டி, தலைநிமிர்ந்து கேள்.

அந்தச் செயலிக்காரருக்கு இன்றே மறுப்பு எழுதிவிடு. அடுத்தது நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை என்று எழுதியிருந்தாயே, அதைத் தொடங்கு. மாதக் கணக்கைத் திறக்கும்போது வருமானத்துக்கு முன்னால் பார்வை நேரத்தைப் பார். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வாழ்நாளிலிருந்து உனக்கு எடுத்துக் கொடுத்த மணிகள் அவை. கம்பெனிகள் அதற்கு ஒரு விலை போட்டுக்கொள்ளட்டும். அந்த மணிகளுக்கு ஈடாக நீ எதைத் திருப்பிக் கொடுத்தாய் என்று ஒவ்வொரு மாதமும் உன்னையே கேட்டு, மனதார விடை சொல்ல முடிகிற வரை இந்த வேலையை விடாதே.

அன்புடன்,
அண்ணன்