கொழும்பின் வானமும் களனியின் நீரும்

நம்பிக்கை: கொழும்பில் மழை விட்டுவிட்டால் வெள்ள ஆபத்து நீங்கிவிட்டது.

உண்மை: சிந்து, கங்கை போன்ற நதிகளுக்கு இமயத்துப் பனி ஒரு சேமிப்பு. வெயில் ஏற ஏற அது மெல்ல உருகி ஆற்றில் சேரும். சுமார் 145 கிலோமீற்றர் நீளமான களனி கங்கைக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. மலையில் விழும் மழை செங்குத்தான பள்ளத்தாக்குகளில் இறங்கி, ஓரிரு நாட்களில் கொட்டாஞ்சேனையை அண்டிய நாகலகம் வீதியை எட்டிவிடும். மலையிலுள்ள வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் கொழும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு மழை பெய்கிறது. ஆகவே நம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்க முடியாது. நாகலகம் வீதி நீர்மானியில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 1989 ஜூனில் நீர் 9 அடியைத் தாண்டியது. 2016 மே மாதத்தில் மழை தணிந்த பிறகும் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் பல நாட்கள் நீர் வடியவில்லை.

வெள்ளவத்தையில் மழை பெய்தவுடனேயே வீதியில் நீர் நிற்கிறதே என்று கேட்கலாம். அது வடிகால் கொள்ளாத மழைநீர். ஆற்று வெள்ளம் வேறு. ஆயினும் இரண்டுக்கும் தொடர்புண்டு. ஆறு உயரும்போது அதன் நீர் நகருக்குள் புகாதிருக்க நாகலகம் வீதியிலுள்ள கால்வாய்க் கதவுகளை மூடுகிறார்கள். அப்போது நகரின் மழைநீரும் அவ்வழியே ஆற்றுக்கு வடிய முடியாது.

நம்பிக்கை: மலையிலுள்ள அணைகளின் வான்கதவுகளைத் திறப்பதால்தான் கொழும்பு மூழ்குகிறது.

உண்மை: காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் மலையுச்சிக்கு அருகில் இருக்கின்றன. சுமார் 2,300 சதுர கிலோமீற்றர் நீரேந்து பரப்பில் சிறு பகுதியின் மழையே அவற்றில் சேரும். அவற்றுக்குக் கீழே சீதாவாக்கை, குருகொடை ஓயா போன்ற கிளையாறுகள் பெரிய அணை எதுவுமின்றி வந்து கலக்கின்றன. வான்கதவு திறந்தால் அதற்கு அருகிலுள்ள ஊர்களுக்கு ஆபத்து உண்மையானது. கதவு திறக்கும் அறிவிப்பு அங்குள்ளவர்களுக்கு இன்றியமையாதது. ஆனால் கொழும்பின் வெள்ளத்தில் பெரும்பங்கு அணைகளுக்குக் கீழே பெய்யும் மழையினுடையது. பழியை அணைமேல் மட்டும் போட்டால், ஆற்றோரச் சதுப்பு நிலங்களை நிரப்பி வீடு கட்டியதன் விளைவு நம் கண்ணிலிருந்து தப்பிவிடும்.

நம்பிக்கை: இத்தனை வெள்ளம் வரும் ஆற்றில் குடிநீருக்குப் பஞ்சமே வராது.

உண்மை: வெள்ளநீர் கடலுக்குப் போய்விடும். வறண்ட மாதங்களில் ஆற்றின் ஓட்டம் தளர்ந்ததும், பாரமான கடல்நீர் முகத்துவாரத்திலிருந்து ஆற்றின் அடியோடு உள்ளே ஏறுகிறது. மணல் அகழ்ந்து ஆழமாகிப்போன படுக்கை அதற்கு வழிவிடுகிறது. கொழும்பின் குடிநீரில் பெரும்பங்கை எடுக்கும் அம்பத்தலையில் உவர்நீர்த் தடுப்பு தேவைப்பட்டது இதனால்தான்.

வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு: தேக்கிவைக்கப் பனியில்லாத நதி இது. அந்த வேலையை மலைக்காடுகளும் சதுப்பு நிலங்களும்தான் செய்ய வேண்டும். அவற்றைக் காப்பது நம் பொறுப்பு. மழைக்காலத்தில் ஹங்வெல்லை, நாகலகம் வீதி நீர்மட்டங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவிக்கிறது. கரையோரக் குடும்பங்கள் முடிவெடுக்க வேண்டியது அந்த எண்களைப் பார்த்தே.