மறதி நோயாளரின் நலத்தை அளப்பது எவ்வாறு?

முழக்கோலைக் கொண்டு அரிசி அளக்கும் வணிகர் நம்மில் எவரும் இலர். ஆயினும், முதுமை மறதி நோய் கண்ட பெரியவர் எப்படி இருக்கிறார் என்று எவரேனும் கேட்டால், நாம் அவருடைய நினைவாற்றலை அளந்தே விடை சொல்லிவிடுகிறோம். "பேரன் பெயரே மறந்து போயிற்று, இனி என்ன வாழ்வு?" என்கிறோம்.

நினைவை அளக்கும் சோதனைகள் வேறு. 1975-இல் போல்ஸ்டீனும் உடனாய்வாளரும் வெளியிட்ட 30 மதிப்பெண் சோதனை, இன்று என்ன தேதி, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லுக என்றெல்லாம் கேட்கும். அம்மனிதர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்று கேளாது.

அதைக் கேட்பதற்கென்றே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரெபெக்கா லாக்ஸ்டன் என்னும் அறிஞரும் குழுவினரும் 1990-களில் 13 வினாக்கள் வகுத்தனர். உடல்நலம், மனநிலை, குடும்பம், நண்பர், பணம் முதலியவை பற்றியவை அவை. மோசம் என்றால் 1, மிக நன்று என்றால் 4. கூட்டுத்தொகை 13 முதல் 52 வரை வரும். நினைவாற்றலுக்கு அந்தப் பதின்மூன்றில் ஓர் இடமே உண்டு!

வினாக்கள் நோயாளரிடமே கேட்கப்படும். பராமரிப்பவரிடமும் தனியே கேட்கப்படும். இரண்டையும் சேர்க்கும்போது நோயாளர் சொல்லுக்கு இரு பங்கு, மற்றவர் சொல்லுக்கு ஒரு பங்கு. இரு கணக்கும் ஒத்துப்போவது அரிது. பராமரிப்பவர் இடும் மதிப்பே பெரும்பாலும் குறைந்திருக்கும். அவருடைய களைப்பும் கவலையும் அதில் ஏறிவிடுகின்றன. நோயாளர் தமக்கு இடும் மதிப்போ, நினைவு குறைவதைவிட மனச்சோர்வையே அதிகம் பின்பற்றுகிறது. தம் நோயையே உணராதவர் மிகுத்துச் சொல்வதும் உண்டு. ஆகவேதான் இரண்டு ஏடுகள். இங்கிலாந்தில் 2005-இல் வெளியான கருவியிலும் நோயாளருக்கு 28 வினாக்கள், பராமரிப்பவருக்கு 31.

பேச்சே அற்றுப்போன நிலைக்கு 2000-இல் வேறொரு முறை வந்தது. நன்கு அறிந்த ஒருவர் கடந்த ஏழு நாட்களை நினைத்து, சிரித்தாரா, அழுதாரா, உணவை விரும்பி உண்டாரா, தொடுகையை விரும்பினாரா என்பன போன்ற 11 குறிப்புகளைப் பதிவார்.

கல்லாவில் அமர்ந்து பழகிய அத்தாவை இனிக் கடைக்கு வரவேண்டாம் என்று வீட்டில் முடிவெடுக்குமுன், அமைதியான வேளையில் ஒவ்வொரு வினாவாக அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். நான்கு விடைகளையும் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினால் அவருக்கு எளிது. மகன் "பணம்" என்ற இடத்தில் 1 இட்டிருக்கக்கூடும். தகப்பனார் 1 இட்ட இடம் "நண்பர்" என்பதாக இருந்தால், பேச வேண்டியது அதைப் பற்றியே.