செவித்துணைக் கருவியும் சிக்கன மின்சுற்றும்

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இத்தகைய கருவிகளை உற்பத்தி செய்யும் பொதுத்துறை நிறுவனமான அலிம்கோ 1972-இல் கான்பூரில் நிறுவப்பெற்றது. வழங்கப்படும் கருவிகளுள் செவித்துணைக் கருவியும் ஒன்று. கருவியின் விலை ஒருமுறைச் செலவு. அதனுள் இடும் மின்கலமோ தொடர் செலவு. மின்கலம் வாங்க இயலாத வீட்டில் கருவி பயனற்றுப் போகும். ஆகவே, அதிலுள்ள பெருக்கிச் சுற்று எவ்வளவு மின்னோட்டத்தை உட்கொள்கிறது என்பது பொறியியல் வினா மட்டுமன்று. பொருளாதார வினாவும் ஆகும்.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். 13-ஆம் எண் துத்தநாகக் காற்று மின்கலத்தின் கொள்திறன் சுமார் 300 மில்லி ஆம்பியர் மணி. நாள்தோறும் 12 மணி நேரம் இயங்கும் கருவி 2 மில்லி ஆம்பியர் உட்கொண்டால் மின்கலம் 12 நாட்களுக்குச் சற்று மேல் உழைக்கும். ஆண்டுக்கு 29 மின்கலங்கள் தேவை. மின்னோட்டம் பாதியானால் 15 போதும்.

இச்சிக்கனம் எவ்வாறு பெறப்படுகிறது? முதலாவது, மின்னழுத்தம். ஒற்றை மின்கலம் தருவது சுமார் 1.4 வோல்ட், தேயத் தேய அது குறையும். சிலிக்கன் டிரான்சிஸ்டர் ஒன்று இயங்கவே சுமார் 0.6 வோல்ட் வேண்டும். எனவே டிரான்சிஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க இயலாது. பல படிகளாகப் பக்கவாட்டில் தொடுத்தே பெருக்கம் பெறப்படுகிறது.

இரண்டாவது, வெளியீட்டுப் படி. 'ஏ' வகைப் பெருக்கி, பேச்சு இல்லாதபோதும் முழு மின்னோட்டத்தை இழுக்கிறது. இரு டிரான்சிஸ்டர்கள் மாறிமாறி இயங்கும் 'பி' வகையில் ஒலிக்கேற்பவே மின்னோட்டம் பாய்கிறது. அதன் கோட்பாட்டளவிலான உச்சத் திறன் 78.5 விழுக்காடு. ஆயின் மெல்லொலி சிதையும். சிறு ஓய்வு மின்னோட்டம் அளித்து அதனைத் தவிர்ப்பதே 'ஏபி' வகை. இணைத்தும் துண்டித்தும் இயங்கும் 'டி' வகையின் திறன் இவற்றினும் மிகுதி.

மூன்றாவது, உள்ளீட்டுப் படி. இங்கு மின்னோட்டத்தை அளவின்றிக் குறைத்தால் சுற்றின் சொந்த இரைச்சல் மேலோங்கி, பேச்சு தெளிவிழக்கும். சிக்கனத்திற்கு ஓர் எல்லை உண்டு என்பதை இது உணர்த்துகிறது. மேலும், துத்தநாகக் காற்று மின்கலம் முத்திரைப் பட்டை நீக்கப்பட்ட சில வாரங்களில் தானே உலர்ந்துவிடும். அதற்கு மேற்பட்ட சேமிப்பால் பயன் சிறிதே.

எண்முறைக் கருவிகள் பெருகிவிட்ட இன்றும், ஒலிவாங்கியின் நுண்ணிய சைகையை முதலில் ஏற்பது அனலாக் பெருக்கியே. எனவே கொள்முதல் செய்யும் அலுவலர்கள் கருவியின் விலையோடு நின்றுவிடாமல், அது உட்கொள்ளும் மின்னோட்டம், இரைச்சல் அளவு, பயன்பாட்டுக் காலம் முழுமைக்கும் ஆகும் மின்கலச் செலவு ஆகியவற்றையும் ஒப்பிடுதல் வேண்டும். விலை குறைந்த கருவி, அதனைப் பெறுவோர்க்குச் செலவு மிகுந்த கருவியாகிவிடலாகாது.