காணாமற்போன விமானமும் காரணம் தேடும் முறையும்

2009 யூன் 1ஆம் திகதி, பிறேசிலின் றியோ டி ஜெனெய்ரோவிலிருந்து பாரிஸ் நோக்கி 228 பேருடன் பறந்துகொண்டிருந்த எயார் பிரான்ஸ் 447 விமானம் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலே மறைந்தது. நடுச்சமுத்திரத்துக்கு ராடர் எட்டாது. விமானியிடமிருந்து உதவி கோரும் செய்தியும் வரவில்லை. அப்படியாயின் ஆய்வாளர்கள் எங்கிருந்து தொடங்கினர்?

விமானம் தானாகவே அனுப்பிய 24 பராமரிப்புச் செய்திகளே முதற் சான்று. வேக அளவீடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டதை அவை காட்டின. கடைசி இட அறிவிப்பின் பின் ஐந்து நிமிடத்துக்குள் செய்திகள் நின்றுவிட்டன. ஆகவே தேடவேண்டிய பரப்பு, அவ்விடத்தைச் சுற்றி ஏறத்தாழ 75 கிலோமீற்றர் ஆரையுடைய வட்டம் எனக் கணித்தனர்.

சில நாட்களில் மிதக்கும் சிதைவுகள் கிடைத்தன. இவற்றிலிருந்து எவ்வளவு அறியலாம் என்பதைக் கவனியுங்கள். பாகங்கள் கீழிருந்து மேலாக நசுங்கியிருந்தன. எனவே விமானம் வானில் உடையவில்லை, முழுமையாக இருந்து வயிற்றுப்பக்கம் நீரில் மோதியது. ஒட்சிசன் முகமூடிகளின் பெட்டிகள் திறக்கப்படவில்லை. எனவே உள்ளே வளியமுக்கம் குறையவில்லை. குண்டுவெடிப்பு என்ற வதந்திக்கு இங்கே இடமில்லாமற் போயிற்று.

கறுப்புப் பெட்டி (உண்மையில் அது செம்மஞ்சள் நிறம், வினாத்தாளில் 'கறுப்பு' என எழுதி ஏமாறவேண்டாம்) அப்போது நீருக்கடியில் 30 நாட்கள் ஒலிச் சமிக்ஞை எழுப்ப வேண்டியிருந்தது. கப்பல்கள் செவிமடுத்தும் ஒன்றும் கேட்கவில்லை. 'இங்கே இல்லை' என அப்பகுதியை ஒதுக்கிவிட்டு இரு வருடங்கள் வேறிடங்களில் தேடினர். பின்னர் கணிப்பாளர்கள் ஒரு கேள்வி எழுப்பினர்: ஒலிக்கருவிகளே பழுதாகியிருந்தால்? அப்படியெனில் ஒதுக்கிய பகுதியே மிகவும் வாய்ப்பானதாகிறது. 2011 ஏப்பிரலில் தானியங்கி நீர்மூழ்கிக் கருவிகள் அங்கேயே, கடைசி இடத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரத்தில், 3,900 மீற்றர் ஆழத்தில் விமானத்தைக் கண்டன. மே மாதம் பதிவுக் கருவிகள் மேலே கொண்டுவரப்பட்டன. பதிவுகள் அழியவில்லை.

2012 யூலையில் வெளியான இறுதி அறிக்கையின்படி, வேகத்தை அளக்கும் பிற்றோ குழாய்களைப் பனிக்கட்டிப் பளிங்குகள் அடைத்தன. தானியங்கிச் செலுத்தி விடுபட்டது. விமானி மூக்கை மேலே தூக்கினார். சிறகுகள் விமானத்தைத் தாங்கும் விசையை இழந்தன. எச்சரிக்கை ஒலித்தும் மூக்கு தாழ்த்தப்படவில்லை. தானியங்கி விடுபட்டு நான்கரை நிமிடத்துக்குள் விமானம் கடலில் மோதியது.

பலர் 'பனிக்கட்டியே காரணம்' என ஒரு வரியில் முடிப்பர். அதற்கு முழுப்புள்ளி கிடையாது. குழாய்கள் ஒரு நிமிடமளவில் சீராகிவிட்டன! வரலாற்றுப் பாடத்தில் உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் எனப் பிரித்து எழுதுவோமல்லவா, இங்கும் அப்படியே. பனிக்கட்டி உடனடிக் காரணம். உயரப் பறக்கையில் கையால் செலுத்தும் பயிற்சி விமானிகளுக்குப் போதாமை, இதே வகைக் குழாய்களில் முன்னரும் கோளாறு ஏற்பட்டிருந்தும் இவ்விமானத்தில் அவை மாற்றப்படாமை ஆகியன அடிப்படைக் காரணங்கள். ஒலிக்கருவிகளின் ஆயுள் பின்னர் 90 நாட்களாக உயர்த்தப்பட்டதும் இவ்விபத்தின் விளைவே.

பயிற்சி வினாக்கள்
1. விமானம் வானில் உடையவில்லை என்பதற்கான சான்று யாது?
2. ஒலி கேட்காமையிலிருந்து தேடியோர் பெற்ற தவறான முடிவை விளக்குக.